பட்டியலில் 212ஆவது வரி

எரிந்தது அக்காவின் வீடு. அது கலிஃபோர்னியாவில், லொஸ் ஏஞ்சல்ஸுக்கு வடக்கே மலையடிவாரத்தில் அல்டடீனா என்ற ஊரில் இருந்தது. ஆனால் அந்த வீட்டின் கணக்கில் பாதியை நாங்கள் முடித்தது கொழும்பு வெள்ளவத்தையில், எங்கள் சாப்பாட்டு மேசையில்.

2025 ஜனவரி 8, பின்னேரம் 5 மணி இருக்கும். அம்மா தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார். அக்கா காருக்குள் இருந்து வட்ஸ்அப்பில் எடுத்தாள். அங்கே அதிகாலை 3.30. “வெளிக்கிட்டிட்டம், பிள்ளை என்னோடதான் இருக்கிறான்” என்றாள். அம்மா கேட்ட முதல் கேள்வி: “உறுதி எடுத்தனியா?”

1983 ஜூலையில் அம்மம்மாவின் வீடு எரிந்தபோது காணி உறுதியும் எரிந்துபோனது. பிறகு அம்மப்பா காணிப் பதிவகத்துக்கு நடையாய் நடந்து பிரதி எடுத்தார். நொத்தாரிசு பதிவகத்துக்கு அனுப்பி வைத்த இரண்டாம் பிரதி அங்கே இருந்ததால் தப்பியது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டு வாசல் அலுமாரியில் எப்போதும் ஒரு ரெக்சின் பை இருக்கும். அக்காவிடம் அப்படி ஒரு பை இருக்கவில்லை. கைப்பையில் கடவுச்சீட்டுகள் இருந்தன. அவ்வளவுதான்.

தீ தொடங்கியது அங்கே முதல்நாள் மாலை 6 மணி தாண்டி. அக்காவின் வீடு லேக் அவெனியூவுக்கு மேற்கே. அந்தப் பக்கத்துக்கு வெளியேறச் சொல்லி அறிவித்தல் வந்ததே அதிகாலை 3 மணிக்குப் பிறகுதான். ஈட்டன் தீ என்று பெயர் வைத்த அந்தத் தீயில் இறந்தவர்களில் பெரும்பாலானவர்கள் அந்தப் பக்கத்தவர்கள். அதை நினைத்தால் எனக்கு இன்னமும் கோபம் வரும்.

அம்மாவுக்கு விளங்காத விஷயம் வேறு: “காட்டில பத்தின நெருப்பு எப்பிடி ரோட்டு, கடை, வீடெல்லாம் தாண்டி வந்தது?” நான் 2022இல் கொழும்பில் தொட்டலங்க கஜீமாவத்தைக் குடியிருப்பு எரிந்ததைச் சொன்னேன். அங்கே பலகையும் தகரமுமாய் நெருக்கி நின்ற வீடுகள், ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவியது. அல்டடீனாவில் வீடுகளுக்கு இடையே முற்றம் உண்டு, மரம் உண்டு. ஆனால் அன்று வீசியது சாந்தா அனா காற்று, மணிக்கு 100 கிலோமீற்றருக்கு மேல். இரண்டு மாரியில் நல்ல மழை பெய்து புல்லும் பற்றையும் வளர்ந்திருந்தன. பிறகு 2024 மே தொடக்கம் மழையே இல்லை என்னுமளவுக்கு எல்லாம் காய்ந்து கிடந்தது. காற்றில் பறந்த தணல் கூரை விளிம்பு, காற்றுத் துவாரம், மரவேலி என்று போய் ஒட்டியது. முதல் சில வீடுகள் பற்றிய பிறகு காடு தேவையில்லை, வீடே விறகு. அக்கா அனுப்பிய படத்தில் வீடு சாம்பல், பக்கத்து மரம் பச்சையாய் நிற்கிறது. அந்த ஒரு தீயில் மட்டும் 9,000க்கு மேற்பட்ட கட்டடங்கள் போயின.

சரி, காப்புறுதிப் பட்டியலுக்கு வருகிறேன்.

வீட்டுக் கட்டடத்துக்கான காப்புறுதித் தொகையில் 30 சதவீதத்தை, ஓர் உச்சவரம்பு வரை, சாமான்களுக்கென்று பட்டியல் கேட்காமலே தர வேண்டும் என்று அப்போது கலிஃபோர்னியாவில் சட்டம் இருந்தது. மீதிக்கு ஒவ்வொரு பொருளாக எழுத வேண்டும்: என்ன, எத்தனை, எப்போது வாங்கியது, இன்று வாங்கினால் என்ன விலை. அக்காவால் பத்து வரிக்கு மேல் எழுத முடியவில்லை, அழுகை வந்துவிடும். அத்தானுக்குக் குசினியில் என்ன இருந்தது என்றே தெரியாது. அம்மாவுக்குத் தெரியும். பிள்ளைப்பேறு பார்க்கப் போய் ஆறு மாதம் அந்தக் குசினியை ஆண்டவர் அவர்.

ஆக, தினமும் எங்கள் காலை 8 மணி, அக்காவுக்கு முதல்நாள் மாலை 6.30. அம்மா கண்ணை மூடிக்கொண்டு கதவைத் திறந்து உள்ளே போவார், நான் மடிக்கணினியில் தட்டுவேன். “இடப்பக்கம் மேல் தட்டு. இடியப்பத் தட்டு பன்னிரண்டு. இல்லை, ஒண்டு உடைஞ்சது, பதினொண்டு. அதுக்குப் பின்னால புட்டுக்குழல்.” அம்மா மறந்ததைப் பழைய பிறந்தநாள் படங்களில் தேடினோம். கேக் வெட்டுகிற பிள்ளையைப் பார்க்கிறதில்லை, பின்னால் இருக்கும் அலுமாரியைப் பெரிதாக்கிப் பார்க்கிறதுதான் வேலை. 41 சேலை என்று எழுதியதற்கு, ஒரே மாதிரி உடை 41 எதற்கு என்று காப்புறுதிக்காரரிடமிருந்து கேள்வி வந்தது. காலி வீதிச் சேலைக்கடை ஒன்றில் கெஞ்சி, காஞ்சிபுரம் பட்டு என்ன விலை போகிறது என்று கடைக் கடிதத்தாளில் எழுதி வாங்கினேன். குத்துவிளக்குக்குச் செட்டியார் தெரு. கடைக்காரர் எந்தக் கோயிலுக்கு என்று கேட்டார். எரிந்துபோன ஒன்றுக்கு விலை கேட்கிறேன் என்றதும் கதிரையை இழுத்துப் போட்டார்.

(இதை வாசிப்பவர்கள் போனை எடுத்து, அலுமாரிக் கதவுகளையும் திறந்து, வீட்டை ஒருக்கால் வீடியோ எடுத்து வேறு ஊரில் இருக்கும் ஒருவருக்கு அனுப்பி வையுங்கள். பத்து நிமிஷ வேலை. எங்களுக்கு அது மூன்று மாதம் பிடித்தது.)

பத்திர வேலை இதைவிடச் சுலபம். பிறப்பு, விவாக அத்தாட்சிப் பத்திரங்களின் பிரதிகளைப் பிரதேச செயலகத்தில் எடுத்தேன். சிக்கல் மொழிபெயர்ப்பில் வந்தது. அப்பாவின் பெயரை மொழிபெயர்ப்பாளர் ஓர் எழுத்து மாற்றி எழுதிவிட்டார். அதைக் கவனிக்காமல் பத்தரமுல்லை சுஹுருபாயவில் வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவு இருக்கும் 16ஆம் மாடி ஏறி முத்திரையும் குத்தி வந்துவிட்டேன். திருத்தி, மறுபடி பஸ், மறுபடி வரிசை. கடைசியில் அக்காவின் சட்டத்தரணி சொன்னார், அங்கே அந்த முத்திரை தேவையே இல்லையாம். மொழிபெயர்த்தவர் கையெழுத்துப் போட்டு உறுதிப்படுத்தினால் போதுமாம்.

வீடு எரியாத அயலவர்களும் உடனே திரும்பவில்லை. பழைய வீடுகளின் பெயின்ட்டில் ஈயம், கூரையிலும் குழாயிலும் அஸ்பெஸ்டஸ். எல்லாம் சாம்பலோடு கலந்து உள்ளே படிந்திருந்தது. குழாய்த் தண்ணீரைக் குடிக்க வேண்டாம் என்று அறிவித்தல். “கொதிக்க வைச்சுக் குடிக்கச் சொல்லு” என்றார் அம்மா. இது கிருமி இல்லை, குழாய்க்குள் பென்சீன் இறங்கியிருக்கலாம், கொதிக்க வைத்தால் ஆவியாகி மூச்சில் போகும் என்று விளக்கினேன். அம்மா நம்பவில்லை. இன்றைக்கும் நம்பவில்லை.

இடிபாடு அகற்றுவது இரண்டு கட்டம். முதலில் பற்றறி, பெயின்ட், காஸ் போன்ற ஆபத்தான சாமான்கள். மின்சாரக் கார்கள் நிறைய இருந்த ஊர் என்பதால் லிதியம் பற்றறிகளுக்கே தனி ஆட்கள். அடுத்து, காணிக்குள் வர அனுமதித்துக் கையெழுத்துப் போட்டவர்களுக்கு இராணுவப் பொறியியலாளர்களின் ஒப்பந்தக்காரர்கள் சாம்பலோடு ஆறு அங்குல மண்ணையும் இலவசமாக அள்ளினார்கள். அள்ளிய பிறகு மிச்ச மண்ணைச் சோதிக்கவில்லை. அக்கா தன் காசில் மண்ணை ஆய்வுகூடத்துக்குக் கொடுத்தாள்.

பட்டியல் 640 வரியோடு ஏப்ரலில் போனது. அடுத்த கிழமை காணியைத் துப்புரவாக்க வந்தார்கள். வேலை நடக்கும்போது அக்கா முகமூடியோடு தெருவில் நின்று வீடியோ கோலில் காட்டினாள். குத்துவிளக்கு ஒரு மஞ்சள் கட்டியாய்க் கிடந்தது. வீட்டில் விட்டுவந்த மற்றக் காரின் அலுமினியச் சில்லு உருகி ஓடி, கூழ் ஊற்றியது போல உறைந்திருந்தது. அப்போது ஒரு தொழிலாளி எதையோ இரண்டு கையாலும் தூக்கி வந்து நடைபாதையோரம் வைத்தார். கறுத்துப்போன அம்மி. அம்மா ஊரிலிருந்து கப்பலில் அனுப்பியது. ஒரு மூலை வெடித்திருந்தது, மற்றபடி முழுசு.

அம்மா போனைக் கிட்டப் பிடித்துப் பார்த்தார்.

“அப்ப அதை லிஸ்ற்றில இருந்து வெட்டு” என்றார்.

அன்றிரவே 212ஆவது வரியை நீக்கச் சொல்லிக் காப்புறுதிக்காரருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன்.