அப்பா கவ்வாத்து வெட்டிய மலைக்கு ஒரு பயணம்

கூடலூர், சேரம்பாடி, கோத்தகிரிப் பக்கம் தமிழ்நாடு அரசின் தேயிலைக் கழகமான டான்டீயின் தோட்டங்களில் உழைத்து ஓய்ந்த பெரியவர்களில் பலர் பிறந்தது இலங்கை மலையகத்தில், அங்கே தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்து, ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்கள். அவர்கள் கண்மூடிய பிறகுதான் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் அந்த மலையைப் போய்ப் பார்க்கத் தோன்றுகிறது. 'நுவரெலியாப் பக்கம் ஏதோ ஒரு தோட்டம்' என்ற அளவில் கிளம்பினால் அருவியைப் பார்த்து, படம் எடுத்துத் திரும்ப வேண்டியதுதான். தேடல் வீட்டு டிரங்குப் பெட்டியிலேயே தொடங்கட்டும்.

பெட்டியில் பார்க்க வேண்டியவை மூன்று: கண்டியிலிருந்த இந்திய உதவித் தூதரகம் கொடுத்த பழைய பாஸ்போர்ட், தாயகம் திரும்பியவர்களுக்கு வழங்கிய குடும்ப அட்டை, இலங்கைப் பிறப்புப் பதிவு. தோட்டத்தின் பெயர் மட்டும் போதாது. டிவிஷன் பெயரும் வேண்டும். ஒரே தோட்டத்தில் நான்கைந்து டிவிஷன்கள் இருக்கும், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு மலையே கிடக்கும். காகிதத்தில் ஆங்கிலப் பெயர் இருக்கும், தோட்டத்து ஆட்கள் வேறு பெயர் சொல்வார்கள். ஆட்டோக்காரருக்குத் தெரிந்தது பெரும்பாலும் இரண்டாவதுதான். அதனால் வீட்டில் உயிரோடிருக்கும் அத்தை, சித்தப்பா வாயால் அந்தப் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பிறப்புப் பதிவு தொலைந்திருந்தால் அந்தப் பகுதிப் பிரதேச செயலகத்தில் நகல் கேட்கலாம். ராமசாமி, ராமசாமிக்கண்ணு, இராமசுவாமி என்று ஒரே ஆளின் பெயர் மூன்று காகிதத்தில் மூன்று விதமாக இருக்கும். எல்லாவற்றையும் கையில் எழுதிக்கொண்டு போனால் அலைச்சல் குறையும்.

எப்போது போவது என்பது எந்தப் பக்கம் என்பதைப் பொறுத்தது. அட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா என்றால் ஜனவரி முதல் மார்ச் வரை. பதுளை, அப்புத்தளை என்றால் ஜூன் முதல் செப்டம்பர் வரை. மாற்றிப் போனால் மழையும் அட்டைப்பூச்சியும்தான் மிஞ்சும். மண்சரிவில் மலையக ரயில் பாதை அறுந்துபோவது உண்டு, கொழும்பிலிருந்து கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

தோட்டத்துக்குள் நேராகத் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துக்குப் போகாமல் முதலில் ஆபீசுக்குப் போய்ச் சொல்லுங்கள். 1972-லும் 1975-லும் தோட்டங்களை அரசு எடுத்துக்கொண்டது. 1992-இல் நிர்வாகம் கம்பெனிகளின் கைக்கு மாறியது. இத்தனை கைமாறியதில் தொழிலாளர் பெயரும் வேலை நாளும் எழுதிய பழைய செக்ரோல் புத்தகம் பத்திரமாக இருக்கும் என்று நம்பிப் போக வேண்டாம். ஆபீசின் தலைமை எழுத்தரான பெரிய கிளாக்கர் கையை விரித்தால் அவர்மேல் குறையில்லை. செக்ரோலில் இல்லாததை ஆட்களை மேற்பார்த்து ஓய்வுபெற்ற கங்காணி ஒருவர் சொல்லிவிடுவார். காலையில் எல்லோரும் மலையேறியிருப்பார்கள். வேலை முடிந்து, குளித்து, சாயத் தண்ணி குடிக்கும் நேரம்தான் பேச ஏற்றது. 'எங்கப்பாவைத் தெரியுமா?' என்று கேட்டால் பதில் வராது. தாத்தா பெயர், எந்த லயம், எத்தனையாவது காம்பரா (லயத்து அறை), எந்த வருசம் போனார்கள் என்று சொன்னால் அந்த முகம் மலர்வதைப் பார்க்கலாம். அப்பாவின் கல்யாணப் படமோ பாஸ்போர்ட் படமோ கையில் இருக்கட்டும். வயதான பிறகு எடுத்த படத்தைக் காட்டினால் யாருக்கும் அடையாளம் தெரியாது.

அப்பாவின் உழைப்பைப் புரிந்துகொள்ள, கவ்வாத்து, அதாவது தேயிலைச் செடியை வெட்டி இறக்கும் வேலை, நடக்கும் மலை ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள். கொழுந்துக் கூடையைப் படத்தில் எல்லோரும் பார்த்திருக்கிறோம், கவ்வாத்துக் கத்தியை யாரும் காட்டுவதில்லை. உயரத்தைப் பொறுத்து மூன்று முதல் ஐந்து வருசத்துக்கு ஒருமுறை செடியை முழங்கால் மட்டத்துக்கு வெட்டி இறக்குவார்கள். சரிவில் காலை ஊன்றி, குனிந்து, கட்டைவிரல் பருமனுள்ள கிளையை ஒரே வீச்சில் சாய்வாக வெட்ட வேண்டும். கத்தி மழுங்கினால் கிளை பிளக்கும், பிளந்த இடத்தில் தண்ணீர் நின்று அழுகல் இறங்கும், அந்தச் செடி அடுத்த கவ்வாத்து வரை நொண்டிக்கொண்டே கிடக்கும். ஓரத்தில் ஓரிரு கிளைகளை இலையோடு விட்டு வைப்பதும் உண்டு. எல்லாவற்றையும் வழித்தெடுத்தால், வேரில் சேமிப்பு இல்லாத செடி பட்டினியில் காய்ந்துவிடும். இதையெல்லாம் கை பழகித்தான் கற்க முடியும். நாள் முழுக்கக் குனிந்தே நின்ற முதுகு பிறகு நிமிராமல் போனது ஏன் என்று அந்தச் சரிவில் பத்து நிமிடம் நின்றாலே தெரியும்.

1964 அக்டோபர் 30-ஆம் தேதி கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இலங்கையிலிருந்த இந்திய வம்சாவளித் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு பிரித்தது. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974-இல் சரிபாதியாகப் பிரித்தார்கள். ஒரே லயத்தில் அண்ணன் இங்கே, தம்பி அங்கே. ஆகவே தோட்டத்தில் உங்களுக்கு ரத்த உறவே இருக்கக்கூடும். அதை மனதில் வைத்து விசாரியுங்கள்.

தாத்தா அங்கேயே இறந்திருந்தால் புதைத்த இடத்தைக் கேட்பீர்கள். பல இடங்களில் கல்லறை கிடையாது. இடுகாட்டு மூலையில் ஒரு மரமோ பாறையோதான் அடையாளம், சில இடங்களில் அதன்மேலும் தேயிலை ஏறிவிட்டது. அரை நாள் மிஞ்சினால் கம்பளைக்குப் பக்கத்தில் பரதெக்கவில் பழைய லயத்திலேயே அமைந்திருக்கும் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகத்துக்குப் போங்கள். தோட்ட மேலாளரான துரையின் பங்களாவில் தங்குவதைவிட இது எவ்வளவோ மேல்.

திரும்பும்போது ஒரு பிடி மண் எடுத்துவரத் தோன்றும். அனுமதியில்லாமல் மண்ணையோ தேயிலை நாற்றையோ இந்தியாவுக்குள் கொண்டுவரக் கூடாது, விமான நிலையத்தில் பிடுங்கி வைத்துவிடுவார்கள். பாக்கெட்டில் அடைத்த தேயிலை வாங்கி வரலாம். தோட்டத்துத் தொழிற்சாலையிலேயே விற்கிறார்களா என்று கேளுங்கள். கடைப் பாக்கெட்டில் பல தோட்டத்துத் தூள் கலந்திருக்கும்.