“எழவே விடவில்லை, டாக்டர்”

விளையாட்டில் தலையில் அடிபட்ட பிள்ளையை அழைத்து வரும் பெற்றோர், தாங்கள் கவனமாகப் பார்த்துக்கொண்டதற்குச் சான்றாக முதலில் சொல்வது இதைத்தான்: “படுக்கையை விட்டு எழவே விடவில்லை, டாக்டர்.” அந்தத் தாயும் அப்படித்தான் தொடங்கினார். வாரக்கணக்கில் திரைச்சீலையை விலக்கவில்லை. புத்தகம் இல்லை, தோழிகள் இல்லை. பதினான்கு வயது மகள் தலைவலியும் தூக்கமின்மையும் தீராமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஸ்கேனில் எதுவும் இல்லை. அடிபட்டு மூளை குலுங்கும் மூளை அதிர்ச்சியில் (concussion) பெரும்பாலும் இருக்காது.

பரிசோதித்துவிட்டு, நாளை முதல் நடக்கட்டும் என்றேன். நடக்கும்போது வலி சற்றுக் கூடினால் பயப்பட வேண்டாம். பத்துக்கு மூன்றாக இருப்பது ஐந்துவரை போகலாம், ஒரு மணி நேரத்துக்குள் தணிந்துவிட வேண்டும், அதை மீறினால் அன்றைக்கு நிறுத்திவிட்டு மறுநாள் குறைவாகத் தொடங்கலாம் என்று விளக்கினேன். குறிப்பெடுத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

“அப்படியானால் இத்தனை நாளும் நான் செய்தது தவறா?”

“இல்லையம்மா. உங்களுக்குச் சொன்னதைத்தான் நீங்கள் செய்தீர்கள்.”

அவர் கேட்டது, செய்த காரியம் தவறா என்று. நான் சொன்னது, குற்றம் உங்களுடையது அல்ல என்று. அந்த இடைவெளி அப்போதே எனக்குத் தெரிந்தது. தெரிந்தேதான் அப்படிச் சொன்னேன். இன்றைக்கும் அந்தப் பதிலை நியாயப்படுத்த என்னால் முடியும்.

ஓய்வே மருந்து என்று அவரிடம் இருந்த நம்பிக்கை மருத்துவம் கொடுத்தது. 2008இல் சூரிச்சில் கூடிய விளையாட்டு மருத்துவ வல்லுநர்கள், அறிகுறிகள் அடங்கும்வரை உடலுக்கும் மூளைக்கும் ஓய்வு என்பதையே சிகிச்சையின் அடித்தளமாக வைத்தார்கள். 2015இல் வந்த ஓர் ஆய்வில், இளையோரில் ஒரு சாராரை ஐந்து நாள் கடுமையான ஓய்வில் வைத்தார்கள்; மறுசாராரை ஓரிரு நாள் ஓய்வுக்குப் பின் படிப்படியாக நடமாட விட்டார்கள். ஐந்து நாள் ஓய்ந்திருந்தவர்களே கூடுதல் தொல்லைகளைச் சொன்னார்கள். 2019இல் இன்னொன்று: சீக்கிரமே அளவான உடற்பயிற்சி தொடங்கிய வளரிளம் பருவத்தினரில் பாதிப்பேர் 13 நாளுக்குள் தேறிவிட்டார்கள், தசைகளை நீட்டும் பயிற்சி மட்டும் செய்தவர்களில் பாதிப்பேர் தேற 17 நாளானது. வல்லுநர்கள் ஆம்ஸ்டர்டாமில் 2022இல் கூடி 2023இல் வெளியிட்ட அறிக்கை, அடிபட்ட முதல் 24–48 மணி நேரத்துக்கு மட்டுமே ஓய்வு சொல்கிறது. அதுவும் முழு ஓய்வு அல்ல. அந்த நேரத்திலும் அன்றாட வேலைகளைச் செய்யலாம், நடக்கலாம், திரை பார்ப்பதை மட்டும் குறைத்துக்கொள்ள வேண்டும். நாங்கள் மாறியதை ஊருக்குச் சொல்லாமல், பழையதைக் கடைப்பிடித்த தாயை எப்படிக் குறை சொல்வது?

தவிர, “ஆம், தவறு” என்பதும் மிகைதான். ஆய்வுகள் பலரைச் சேர்த்துப் பார்த்த சராசரியைப் பற்றிப் பேசுகின்றன. இந்தப் பெண் முதல் வாரத்திலேயே நடந்திருந்தால் இதற்குள் தேறியிருப்பாள் என்று யாரும் உறுதி தர முடியாது. எப்படிப் பார்த்துக்கொண்டாலும் சிலருக்கு மாதக்கணக்கில் நீடிக்கிறது.

இப்படிச் சொல்லி மனத்தைச் சமாதானப்படுத்திக்கொள்ளும்போதுதான் வேறொன்று குறுக்கே வருகிறது. “ஸ்கேன் நார்மல்தானே, நாளைக்கு மேட்சில் இறக்கலாமா?” என்று கேட்கும் பயிற்சியாளர்களிடம் நான் ஒருபோதும் இப்படி மென்மையாகப் பேசியதில்லை. கூடவே கூடாது என்று முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறேன். ஆட்டத்துக்குப் படிப்படியாகத்தான் திரும்ப வேண்டும், ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள் விட்டு, கடைசியில் மருத்துவர் ஒப்புதலோடுதான் மோதல் உள்ள ஆட்டம் என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். அவசரத்தால் தவறுபவரிடம் அத்தனை தெளிவு. அன்பால் தவறுபவரிடம் மட்டும் ஏன் வார்த்தையைச் சுற்றி வளைக்கிறேன்? பக்கத்தில் இருந்த மகளும் அந்தப் பதிலைக் கேட்டாள். இருட்டறையில் அவள் அனுபவித்த சலிப்பும் தனிமையும் தலைவலியைக் கூட்டக்கூடியவை என்பதை அவளிடம் யார் சொல்வது?

ஆனால் அதை அன்றே, அந்தத் தாயின் எதிரில் சொல்லியிருந்தால் மறுமுறை வந்திருப்பாரா என்பதும் ஐயம்தான். வந்தார். மகள் நடந்தாள், தயங்கித் தயங்கித்தான்; சற்று வலித்தாலும் திரைச்சீலை மூடப்பட்டது என்று அவளே சொன்னாள். பிறகு மெல்லத் தேறினாள், பள்ளிக்கு முதலில் அரை நாள் போனாள்.

கடைசியாக வந்தபோது அந்தத் தாய் சொன்னார்: “என் அக்கா மகனுக்கும் தலையில் பந்து பட்டிருக்கிறது, டாக்டர். கொஞ்ச நாள் இருட்டறையில் படுக்க வை என்று சொல்லியிருக்கிறேன். நான் செய்தது தவறில்லை என்று நீங்களும் சொன்னீர்களே.”

முதலில் ஒரு மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள், ஆபத்தான அறிகுறி எதுவும் இல்லையென்றால் இரண்டு நாளுக்கு மேல் படுக்க வைக்க வேண்டாம் என்றேன்.

“இரண்டு நாளில் வலி போய்விடுமா?”

“போகாமல் இருக்கலாம். அப்போதும் நடக்கத்தான் வேண்டும்” என்றேன். அக்காவிடம் அவர் இதில் எதைச் சொன்னாரோ, எனக்குத் தெரியாது.