வாத்தியாரின் போன்

திருநெல்வேலி சந்திப்புப் பக்கம் ஒரு செல்போன் பழுதுபார்க்கும் கடையில் 2011 முதல் ஏழு ஆண்டுகள் வேலை பார்த்தேன். ஆறடிக்கு எட்டடி இடம். முன்னால் கண்ணாடிப் பெட்டியில் பின்கவரும் சார்ஜரும். பின்னால் சால்டரிங் மேசை, ஒரு பழைய கம்ப்யூட்டர், நான். டிஸ்பிளே மாற்றுவது, சார்ஜிங் பின் மாற்றுவது எல்லாம் கடைக்கார அண்ணாச்சியின் கைவேலை. ‘சாஃப்ட்வேர் போட வேண்டும்’ என்று யார் வந்தாலும் தலையைத் திருப்பாமல் என் பக்கம் கையைக் காட்டிவிடுவார்.

அந்த வேலையில் எனக்கு முதல் பெருமையைத் தேடித் தந்தது தமிழ். 2012இல் ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார் ஒருவர் புதிதாக வாங்கிய ஸ்மார்ட்போனோடு வந்தார். ஆண்ட்ராய்டு 2.3. வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர் ஒருவர் தமிழில் கடிதம் எழுதுகிறாராம். திறந்தால் வரிவரியாகக் கட்டங்கள். “தம்பி, கடிதம் கேட்டால் கட்டம் போட்ட நோட்டைக் கொடுக்கிறது இது” என்றார்.

ஓபரா மினியின் முகவரிப் பட்டையில் ஒரு கட்டளையைத் தட்டி, ஓர் அமைப்பை ‘ஆம்’ என்று மாற்றினால் அந்த உலாவிக்குள் மட்டும் தமிழ் தெரியும். அந்த வித்தை அன்று பலருக்கும் தெரியும். வாத்தியாருக்கோ குறுஞ்செய்தியிலும் தமிழ் தெரிந்தாக வேண்டும். அதற்குப் போனின் சிஸ்டம் பகுதிக்குள் போய், எழுத்துருக் கோப்பைத் தூக்கிவிட்டுத் தமிழ் உள்ள கோப்பை வைக்க வேண்டும். அந்த இடத்தைத் தயாரிப்பாளர் பூட்டித்தான் விற்கிறார். பூட்டைத் திறப்பதற்குப் பெயர்தான் ரூட். திறந்தேன், வைத்தேன், தமிழ் வந்தது. அரைகுறையாகத்தான்: ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நின்றது. ‘பெரியவர்’ என்ற சொல்லில் முதலில் பகரம் நின்றது, அதன் கொம்பு பின்னாலேயே வந்தது. வாத்தியார் முகத்தைச் சுளித்தார். ஆனால் கடிதம் முழுவதையும் கடையில் நின்றபடியே படித்து முடித்துவிட்டுத்தான் போனார். நூறு ரூபாய் கொடுத்தார். அந்த ரூட்டுக்காக நான் இன்றும் வருந்தவில்லை.

வருந்துவதற்கான காரியங்கள் பிறகு வந்தன.

2014, 2015 வாக்கில் மலிவு விலைப் போன்கள் குவிந்தன. பெட்டியில் 4 ஜிபி என்று போட்டிருக்கும். சிஸ்டம் எடுத்துக்கொண்டது போக நமக்கு மிஞ்சுவது அதில் பாதிகூட இருக்காது. வாட்ஸ்அப்பும் முகநூலும் ஏற்றியதும் ‘இடம் இல்லை’ என்று கையை விரித்துவிடும். ரூட் செய்தால் செயலிகளை மெமரி கார்டுக்குத் தள்ளலாம், கம்பெனிக்காரர்கள் திணித்து அனுப்பிய வேண்டாத செயலிகளை வேரோடு பிடுங்கலாம். 150 ரூபாய். ஒரு நாளைக்கு நான்கைந்து போன் வரும்.

தொடக்கத்தில் அது நிதானமான வேலை. மாடலுக்குத் தக்க கோப்பைத் தேடி, கம்ப்யூட்டரில் கேபிள் போட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்வோம். கோப்பு மாறிவிட்டால் போன் லோகோவிலேயே நின்றுவிடும். பிறகு ஒரே தட்டில் ரூட் செய்யும் செயலிகள் வந்தன. 2014 ஜூனில் அமெரிக்க ஹேக்கர் ஜார்ஜ் ஹாட்ஸ் வெளியிட்ட டவல்ரூட் அந்த ரகம். ஆண்ட்ராய்டுக்கு அடித்தளமான லினக்ஸ் கெர்னலில் இருந்த ஓட்டை வழியாக நுழைந்து பூட்டைத் திறந்துவிடும். கேபிள் வேண்டாம், கம்ப்யூட்டர் வேண்டாம். இரண்டு நிமிட வேலை. நாம் தட்டியதும் திறக்கிற ஓட்டை வேறு யார் தட்டினாலும் திறக்குமே என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. நிமிடக் கணக்குதான் மனதில் ஓடியது.

அதே காலத்தில் கம்பியில்லாமல் கோப்பு அனுப்பும் செயலிகளும் ஊரைப் பிடித்தன. அதற்கு முன் புளூடூத்தில் 700 எம்பி படம் ஒன்றை அனுப்ப முக்கால் மணி நேரத்துக்குக் குறையாது. இரண்டு போன்களையும் ஒட்டினாற்போல வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். புதிய செயலிகள் அனுப்புகிற போனையே ஒரு சின்ன வைஃபை நிலையமாக மாற்றி, வாங்குகிற போனை அதில் சேர்த்துக்கொண்டன. இண்டர்நெட் பேக் செலவாகாது. சில நிமிடங்களில் படம் போய்ச் சேரும். டேட்டாவை எம்பி எம்பியாக எண்ணிச் செலவழித்த நாட்கள் அவை. மாலையில் கல்லூரிப் பையன்கள் கடை வாசலில் வரிசை கட்டுவார்கள்.

அவர்களுக்குக் கொடுப்பதற்கென்றே கடையில் ஒரு போன் வைத்திருந்தோம். ‘தாய்ப் போன்’ என்று பெயர். விளையாட்டு, வீடியோ பிளேயர், டார்ச், ரூட் செயலி எல்லாம் அதிலிருந்துதான் பிரசவம். வாங்குகிற போனில் ‘தெரியாத மூலங்களிலிருந்து நிறுவ அனுமதி’ என்ற பொத்தானைத் தட்ட வேண்டும். நானே வாங்கித் தட்டிக் கொடுப்பேன். வேலை முடிந்ததும் அதைத் திரும்ப அணைத்துக் கொடுத்ததாக ஒரு முறைகூட நினைவில்லை. கேட்ட கேள்விக்கெல்லாம் ‘அனுமதி’யைத் தட்டு என்று இந்த ஊரில் பாதிப் பேருக்குக் கற்றுக்கொடுத்தவன் நான்தான் என்று சில இரவுகளில் தோன்றும்.

ஒரு போனிலிருந்து இன்னொன்றுக்குச் செயலியை அனுப்பும்போது, நம்மிடம் இருக்கும் கோப்பு அப்படியே பிரதி ஆகிறது. மூலம் எங்கே, நடுவில் யாராவது கை வைத்தார்களா என்று கேட்பார் இல்லை. ஒவ்வொரு செயலியிலும் அதைச் செய்தவரின் கையொப்பம் இருக்க வேண்டும் என்று ஆண்ட்ராய்டு கேட்கும், உண்மைதான். ஆனால் யார் போட்ட கையொப்பம் என்று முதல் முறை நிறுவும்போது கேட்காது. நல்ல செயலியைப் பிரித்து, உள்ளே எதையாவது செருகி, தன் கையொப்பத்தைப் போட்டு எவனும் அனுப்பலாம்.

2016 நடுவில் போன்கள் திரும்பி வரத் தொடங்கின. இரவு இரண்டு மணிக்குத் திரை தானாக ஒளிர்கிறது. பேசிக்கொண்டிருக்கும்போதே விளம்பரம் பாய்கிறது. போடாத செயலிகள் முளைக்கின்றன. டேட்டா ஒரே நாளில் காலி. ஃபேக்டரி ரீசெட் செய்து 100 ரூபாய் வாங்கினேன். மூன்றாம் நாள் அதே போன், அதே விளம்பரம், கூடவே வசவு. ரீசெட் என்பது பயனரின் பகுதியைத்தான் துடைக்கும்; சிஸ்டம் பகுதியைத் தொடாது. வந்தது அங்கே போய் உட்கார்ந்திருந்தது. அங்கே உட்காரும் உரிமையை அதற்குக் கொடுத்தது நான் செய்த ரூட்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கடையை அடைத்துவிட்டு, வந்திருந்த ஆறு போன்களையும் மேசையில் வரிசையாக வைத்துச் செயலிப் பட்டியல்களை ஒப்பிட்டேன். எல்லாவற்றுக்கும் பொதுவாக இருந்தவை இரண்டு: எங்கள் ரூட் செயலி, எங்கள் டார்ச் செயலி. பிறகு தாய்ப் போனை எடுத்துப் பார்த்தேன். அதன் சிஸ்டம் பகுதியிலும் நான் வைக்காத ஒரு கோப்பு இருந்தது.

அந்த ஆண்டு நவம்பரில் செக் பாயிண்ட் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் ‘கூலிகன்’ என்ற தீநிரலைப் பற்றி அறிவித்தது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கூகுள் கணக்குகளின் அனுமதிச் சீட்டுகளை, அதாவது கடவுச்சொல் கேட்காமலே கணக்கைத் திறந்துவிடும் டோக்கன்களை, அது திருடியிருந்தது. ஆண்ட்ராய்டு 4, 5 போன்கள்தான் இலக்கு. அது ரூட் எடுக்கப் பயன்படுத்திய வழிகளில் ஒன்று டவல்ரூட். நான் 150 ரூபாய் வாங்கிக்கொண்டு திறந்த அதே ஓட்டை. எங்கள் போன்களில் இருந்தது அதுதானா, வேறு ஏதாவதா என்று கண்டுபிடிக்கும் அறிவு எனக்கு அன்று இல்லை. அண்ணாச்சியிடம் சொன்னேன். சால்டரிங் கம்பியைத் தாங்கியில் வைத்துவிட்டு, “வருகிறவனுக்கெல்லாம் புதிதாக ஃபிளாஷ் போட்டுக் கொடு. காசு வாங்காதே” என்றார். வேறு எதுவும் பேசவில்லை. ஃபிளாஷ் என்றால் சிஸ்டம் பகுதி உட்பட எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் தயாரிப்பாளரின் கோப்பைப் புதிதாக ஏற்றுவது. வந்தவர்களுக்குப் போட்டோம். வராதவர்கள்தான் அதிகம்.

2017 ஜனவரியில் வாத்தியார் வந்தார். கையில் வேறு போன். ஆனால் அதையும் இரண்டு ஆண்டுகளுக்கு முன் நான்தான் ரூட் செய்திருந்தேன். ரூபாய் நோட்டு நெருக்கடி முழுதாகத் தீரவில்லை. பென்ஷன் கணக்கைப் போனிலேயே பார்க்கலாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். வங்கிச் செயலியைத் திறந்தால், இந்தக் கருவி பாதுகாப்பற்றது என்று சொல்லி மூடிக்கொள்கிறது. “என் போன் என்ன தப்பு செய்தது தம்பி?”

தமிழ் வாத்தியாருக்கு ரூட்டை விளக்குவது எளிதில்லை. ‘வேர்’ என்று சொல்லிப் பார்த்தேன்; அது எப்படி என்று குறுக்கே கேட்டார். பிறகு வீட்டை உதாரணம் காட்டினேன். ஆண்ட்ராய்டு ஒவ்வொரு செயலிக்கும் ஓர் எண் கொடுத்துத் தனி அறையில் பூட்டி வைக்கிறது. எண்கள் 10,000இல் தொடங்கும். ஓர் அறைக்காரர் அடுத்த அறைக்குள் எட்டிப்பார்க்க முடியாது. வங்கிச் செயலி வைத்திருப்பதை டார்ச் செயலி பார்க்க முடியாது. ரூட்டின் எண் 0. அது வீட்டுக்காரரின் சாவிக்கொத்து, எல்லா அறையும் திறக்கும். இடம் போதாது என்று நீங்கள் கேட்டதால் அந்தக் கொத்தை வெளியே எடுத்தேன் ஐயா என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்: “எடுத்தாய், சரி. இப்போது கொத்து யாரிடம் இருக்கிறது?”

ஒரு செயலியிடம் இருந்தது. அதை எழுதியவர் யார், எந்த ஊர் என்று எனக்குத் தெரியாது. அண்ணாச்சி அன்றைக்கென்று எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

ஃபிளாஷ் போட்டால் எல்லாம் அழிந்துவிடும் என்பதால், அவருடைய படங்களையும் கோப்புகளையும் முதலில் வைஃபை வழியாகக் கடைக் கம்ப்யூட்டருக்கு மாற்றினேன். பிறகு மாடலுக்குரிய கோப்பைத் தேடி எடுத்து, ஃபிளாஷ் டூலில் ஏற்றி, மஞ்சள் பட்டை நகர்ந்து முடியும்வரை அவரும் நானும் பார்த்துக்கொண்டிருந்தோம். கோப்புகளைத் திரும்ப ஏற்றினேன். வங்கிச் செயலி திறந்தது.

அடுத்த ஆண்டே நான் கோயம்புத்தூரில் ஒரு தனியார் நிறுவனத்தின் கம்ப்யூட்டர் பிரிவுக்கு வந்துவிட்டேன். ரூட் செய்த போனில் அலுவலக மின்னஞ்சலைச் சேர்க்க இங்கே அனுமதி கிடையாது. ஆண்டுக்கு ஒரு பையனாவது வந்து, மாஜிஸ்க் என்ற ரூட் கருவியைப் போட்டு ரூட்டை மறைத்துவிட்டேன், உங்கள் சோதனையில் சிக்காது என்று என்னிடமே பெருமையோடு சொல்வான். அவன் கெட்டிக்காரன்தான், எனக்குக் கோபமும் வருவதில்லை. ரூட்டே பாவம் என்று சொல்லவும் மாட்டேன். சோதித்துப் பார்ப்பதற்கென்று ரூட் செய்த பழைய போன் ஒன்று என் மேசை இழுப்பறையிலும் கிடக்கிறது. சிம் இல்லை, கணக்கு இல்லை.

கோப்பு அனுப்பும் செயலிகளின் கதையை இங்கு வந்த பிறகுதான் முறையாகப் படித்தேன். கோர் செக்யூரிட்டி நிறுவனம் 2016 ஜனவரியில், அவற்றில் ஒன்றான ஷேர்இட்டில் கண்ட குறைகளை வெளியிட்டிருந்தது. அதன் விண்டோஸ் பதிப்பு உருவாக்கிய வைஃபைக்கு எல்லா ஊரிலும் ஒரே கடவுச்சொல்: 12345678. ஆண்ட்ராய்டு பதிப்பு கோப்பு வாங்கும்போது திறந்த வைஃபைக்குக் கடவுச்சொல்லே இல்லை. அந்தச் செயலியை அப்போது வெளியிட்டுவந்த லெனோவோ திருத்தத்தை வெளியிட்டுவிட்டது. ஆனால் எங்கள் தாய்ப் போனிலிருந்து கைமாறிக் கைமாறிப் போன பழைய பதிப்புகளுக்குத் திருத்தம் எந்த வழியாகப் போய்ச் சேரும்? 2020 ஜூன் 29 அன்று இந்திய அரசு தடை செய்த 59 செயலிகளில் ஷேர்இட்டும் அதே ரகமான செண்டரும் (Xender) இருந்தன. தடைக்குப் பிறகும் அவை போனிலிருந்து போனுக்குப் போய்க்கொண்டிருந்தன என்று அண்ணாச்சி தொலைபேசியில் சிரித்தார். அந்தப் பாதையைப் போட்டவர்களில் நாங்களும் உண்டு. இப்போது ஆண்ட்ராய்டிலேயே கோப்பு அனுப்பும் வசதியாகக் குவிக் ஷேர் இருக்கிறது. முகம் தெரியாதவரிடமிருந்து வாங்க வேண்டுமென்றால் ‘எல்லோருக்கும்’ என்று திறந்துவிடச் சொல்லும்.

2021இல் அண்ணாச்சி அந்தப் பழைய கம்ப்யூட்டரை விற்கப் போவதாகச் சொன்னார். ஊருக்குப் போனபோது, ஹார்ட் டிஸ்கைத் துடைத்துக் கொடுக்கலாம் என்று உட்கார்ந்தேன். டி டிரைவில் ‘பேக்கப்’ என்று ஓர் அடைவு. உள்ளே நூற்றுக்கும் மேற்பட்ட அடைவுகள், போன் மாடல் பெயரோடும் ஆட்களின் அடையாளத்தோடும்: ‘பூக்கடை அக்கா’, ‘ஆட்டோ அண்ணன்’, ‘ரயில்வே சார்’. கல்யாணப் படங்கள், ஆதார் அட்டைப் படங்கள், ஸ்கேன் ரிப்போர்ட்டுகள். ஃபிளாஷ் போடுவதற்கு முன் பத்திரமாக இருக்கட்டும் என்று நானே எடுத்து வைத்தவை. திரும்ப ஏற்றிக் கொடுத்த பிறகு ஒன்றைக்கூட அழிக்கவில்லை. ‘வாத்தியார்’ என்று ஓர் அடைவு. நான்கு ஆண்டுகளாக அந்தக் கடையில் வேலைக்கு வந்துபோன எல்லாப் பையன்களின் கைக்கும் எட்டும் இடத்தில், பூட்டு இல்லாமல்.

அன்று மாலை அவருக்கு போன் செய்தேன். உங்கள் கோப்புகள் கடைக் கம்ப்யூட்டரில் இருந்தன ஐயா, இப்போதுதான் அழித்தேன் என்றேன்.

“இத்தனை நாளும் அங்கேயா இருந்தன?” என்றார்.

“ஆமாம் ஐயா.”

சற்று நேரம் பேசவில்லை. பிறகு, மற்றவர்களுக்கும் சொல்லிவிட்டாயா என்று கேட்டார். அடைவுகளில் இருந்தவை பட்டப்பெயர்கள்தான். பாதிப் பேரின் எண் என்னிடம் இல்லை. பூக்கடை அக்காவை மட்டும் மறுநாள் சந்திப்பில் தேடிப் போனேன். அந்த இடத்தில் வேறு யாரோ கடை போட்டிருந்தார்கள்.