கார்ச் சின்னங்களின் அசலும் கதையும்

ஆவணி மாதத்தில் ஒரு காலை, மயூர் விஹாரில் எங்கள் குடியிருப்பின் வெளிச்சுவரை ஒட்டி நிறுத்தியிருந்த ஹூண்டாய் காரின் டிக்கியில், சாய்ந்த எச் எழுத்துச் சின்னம் இருந்த இடம் வெறுமையாகக் கிடந்தது. இரவில் யாரோ நெம்பி எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். சின்னம் மறைத்திருந்த பகுதியில் மட்டும் வண்ணம் வெயில் படாமல் புதிதாக இருந்தது. அதைச் சுற்றி ஒன்பது ஆண்டுத் தூசு நீள்வட்டக் கோடாகக் கறுத்துப் படிந்திருக்க, உள்ளே சின்னத்தின் பின்புறக் குச்சிகள் செருகியிருந்த இரண்டு சிறு துளைகள் தெரிந்தன. ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் உருவாகித் தில்லி வரை வந்த வண்டி என்பதால், எங்கள் வீட்டில் அதன்மேல் எல்லோருக்கும் தனி ஒட்டுதல் உண்டு. அம்மா பார்த்துவிட்டு, "பொட்டு இல்லாத நெற்றி மாதிரி இருக்குடா, முதல்ல அதை வாங்கி வை" என்றார்.

வீட்டருகே ஒரு கடையில் கிடைத்ததை வாங்கி ஒட்டினேன். அதன் பின்புறத்தில் குச்சிகளே இல்லை. இருபுறமும் ஒட்டும் நாடா மட்டுமே இருந்தது. கண்ணால் மட்டம் பார்த்து ஒட்டியதில் சற்றே கோணிப்போனது. சாய்ந்த எச் என்பது பெயரின் முதலெழுத்து மட்டுமன்று, நிறுவனமும் வாடிக்கையாளரும் கைகுலுக்கும் காட்சி என்பது ஹூண்டாய் தரும் விளக்கம். இடப்புறத் தண்டு ஒருவர், வலப்புறத் தண்டு மற்றவர், இடையே வளைந்து செல்லும் கோடு பற்றிய கைகள். நான் ஒட்டிய போலியில் அந்தக் கோடு வளைவில்லாமல் நேராக இருந்தது. கைகள் பற்றிக்கொள்ளவில்லை, இரண்டு தூண்களுக்கு நடுவே ஒரு கட்டை கிடந்தது. கார்த்திகை பிறப்பதற்குள் முலாம் பொரிந்து, ஓரங்களில் வெள்ளித் தோலாக உரியத் தொடங்கிவிட்டது.

அதன் பிறகுதான் கஷ்மீரி கேட் உதிரிபாகக் கடைத்தெருவுக்குப் போனேன். அங்கே யாரும் லோகோ என்றோ எம்பளம் என்றோ சொல்வதில்லை. 'மோனோகிராம்' என்றுதான் கேட்க வேண்டும். கடையில் இருந்த பெரியவர் மூன்றை எடுத்துக் கண்ணாடி மேசைமேல் வரிசையாக வைத்து, நான் கேட்காமலேயே இந்தியில் விளக்கினார்: முதல் இரண்டும் டூப்ளிகேட், மூன்றாவது மட்டும்தான் கம்பெனி சரக்கு. மூன்றையும் கையில் வாங்கிப் பார்த்தேன். முதலாவது அப்பளம்போல் எடையற்று இருந்தது. அச்சின் இணைப்புக்கோடு விரல்நுனியில் நெருடியது. இரண்டாவது முன்புறம் நன்றாகவே இருந்தாலும், பின்புறத்தில் எழுத்தோ எண்ணோ எதுவும் இல்லை. மூன்றாவது முத்திரையிட்ட உறைக்குள் இருந்தது. பாக எண் உறையின்மேல் ஒட்டியிருந்த சீட்டிலும் இருந்தது, பொருளின் முதுகிலும் வார்க்கப்பட்டிருந்தது. இரண்டு குச்சிகளும் இருந்தன. "சாப், முகத்தைப் பார்த்து வாங்காதீர்கள், முதுகைப் பார்த்து வாங்குங்கள்" என்றார் பெரியவர்.

முதுகைப் பார்த்து அசலை அறியும் வழக்கம் நமக்குப் புதியதன்று. சோழர் செப்பேடுகளின் ஏடுகளைத் துளையிட்டு ஒரு செப்பு வளையத்தில் கோப்பார்கள். வளையத்தின் இரு நுனிகளும் சேரும் இடத்தில் இலச்சினையை வார்த்துவிடுவார்கள். ஏடு ஒன்றைச் செருகவோ உருவவோ வேண்டுமானால் வளையத்தை அறுத்தாக வேண்டும், அறுத்தால் தெரிந்துவிடும். 31 ஏடுகள் கொண்ட திருவாலங்காட்டுச் செப்பேட்டின் முத்திரையில் சோழரின் புலியோடு பாண்டியரின் கயல் இரண்டும் சேரரின் வில்லும் சேர்ந்தே இருக்கின்றன. வென்ற நாடுகளின் சின்னங்களையும் தன் சின்னத்துக்குள் இருத்திக்கொண்ட ஓர் அரசின் வரலாறு அந்தச் சிறிய வட்டத்துக்குள் அடங்கியிருக்கிறது. ஔடியின் நான்கு வளையங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த முத்திரைதான் நினைவுக்கு வரும். 1932ஆம் ஆண்டு ஔடி, டிகேடபிள்யூ, ஹார்ஷ், வாண்டரர் என்ற நான்கு நிறுவனங்கள் ஆட்டோ யூனியன் என்ற பெயரில் இணைந்தபோது வந்தவை அவை. இங்கே வென்றவரும் இல்லை, தோற்றவரும் இல்லை. நெருக்கடிக் காலத்தில் ஒன்றுக்கொன்று கைகோத்துப் பிழைத்த கதை.

பொருள் போலியாக இருப்பதைப் போலவே, பொருளைப் பற்றிச் சொல்லப்படும் கதையும் போலியாக இருக்கலாம் என்பதை எனக்கு உணர்த்தியது பிஎம்டபிள்யூ. எங்கள் பெரியப்பா மத்திய அரசுப் பணியில் முப்பது ஆண்டுகள் தில்லியில் இருந்தவர். அந்த நீல வெள்ளை வட்டம் விமானத்தின் சுழலும் இறக்கை, வெள்ளை இறக்கை, நீலம் வானம் என்று எனக்குச் சிறுவயதிலேயே சொல்லித் தந்தவர் அவர்தான். நானும் பலருக்கு அதையே சொல்லியிருக்கிறேன். உண்மை வேறு. ராப் என்ற விமான எஞ்சின் நிறுவனம் 1917இல் பெயர் மாறிப் பிஎம்டபிள்யூ ஆனது. அதே ஆண்டு அக்டோபர் 5ஆம் நாள் புதிய சின்னம் பதிவு செய்யப்பட்டது. ராப் சின்னத்தின் கறுப்பு வளையத்தை அப்படியே வைத்துக்கொண்டு, அதற்குள் இருந்த குதிரையை எடுத்துவிட்டுப் பவேரியா மாநிலத்தின் வெள்ளையையும் நீலத்தையும் வைத்தார்கள். அரசுச் சின்னங்களை வணிக முத்திரையில் பயன்படுத்தச் சட்டம் இடம் தராததால் நிறங்களின் வரிசையை மாற்றிப்போட்டார்கள். அந்தச் சின்னம் பிறந்தபோது அந்த நிறுவனம் ஒரு காரைக்கூடச் செய்திருக்கவில்லை. கார் வந்ததே 1928க்குப் பிறகுதான்.

அப்படியானால் விமான இறக்கை எங்கிருந்து வந்தது? 1929இல் வெளியிட்ட ஒரு விளம்பரத்தில், விமானத்தின் சுழலும் இறக்கைக்குள் சின்னம் தெரிவதுபோல் அந்த நிறுவனமே வரைந்துவிட்டது. 1942இல் அதன் சொந்த இதழும் அந்தக் கதையை எழுதியது. சின்னம் பிறந்து பன்னிரண்டு ஆண்டு கழித்து ஒட்டப்பட்ட கதை, பெற்றவர்களே ஒட்டியதால் அசலாகிவிட்டது. பெரியப்பாவிடம் இதைச் சொன்னபோது சற்று நேரம் பேசாமல் இருந்தவர், "அவங்களே விளம்பரம் போட்டாங்கன்னா நான் நம்பினதுல என்னப்பா தப்பு?" என்று கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. இருந்தாலும், தன் மண்ணின் நிறத்தை அணிய வழியில்லாமல் வரிசையை மாற்றி அணிந்துகொண்டார்கள் என்ற உண்மைக் கதைதான் எனக்கு விமானக் கதையைவிட மனத்துக்கு நெருக்கமாக இருக்கிறது.

செவ்ரலேயின் 'போ டை', அதாவது கழுத்தில் கட்டும் வில் முடிச்சு வடிவச் சின்னம், இன்னும் சிக்கலானது. 1913இல் அது வந்தது என்பது உறுதி. எங்கிருந்து வந்தது என்பதற்குத்தான் நிறுவனர் டியூரண்டின் குடும்பத்திலேயே வெவ்வேறு கதைகள் உண்டு. பிரெஞ்சு விடுதி ஒன்றின் சுவர்த்தாளில் பார்த்துக் கிழித்து வைத்துக்கொண்டதாக ஒன்று. உணவு மேசையில் அவர் கிறுக்கியது என்று மகள் சொன்னதாக ஒன்று. செய்தித்தாளில் ஒரு நிலக்கரி விளம்பரத்தைப் பார்த்துப் பிடித்துப்போனது என்று மனைவி சொன்னதாக ஒன்று. மூன்றாவதற்கு மட்டும் சான்று இருக்கிறது: 1911 நவம்பரில் அட்லாண்டாவின் நாளிதழ் ஒன்றில் வந்த 'கோலெட்ஸ்' என்ற நிலக்கரித்துண்டு விளம்பரத்தில், ஏறத்தாழ அதே வடிவம் அச்சாகியிருக்கிறது.

கஷ்மீரி கேட்டிலிருந்து திரும்பிய அன்று, மெட்ரோ நிலையத்துக்கு வெளியே ஒரு தள்ளுவண்டியில் சிங்காடா குவித்து வைத்திருந்தார்கள். குளத்து நீரில் விளையும் இந்தக் காய் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் தில்லி வீதிகளில் நிறைந்திருக்கும். பச்சையும் செம்பழுப்பும் கலந்த தோலில் இரண்டு பக்கமும் கொம்பு துருத்திக்கொண்டிருக்கும். நவராத்திரி விரதத்துக்கு இதன் மாவில்தான் பூரி செய்வார்கள். மிட்சுபிஷி என்ற சொல்லில் மிட்சு என்பது மூன்று, ஹிஷி என்பது இந்தச் சிங்காடாவின் ஜப்பானிய உறவுக்காய். சாய்சதுர வடிவத்துக்கும் ஜப்பானியர் அதே பெயரையே வைத்திருக்கிறார்கள். நம்மவர்கள் மூன்று வைரங்கள் என்று சொல்வது, சீட்டுக்கட்டில் டைமண்ட் என்று சொல்லும் வடிவத்தைக் கல்லாக எடுத்துக்கொண்டதால் வந்த மயக்கம். 1870இல் கப்பல் தொழில் தொடங்கிய இவாசாகி யதாரோ, தன் குடும்பத்தின் அடுக்குச் சிங்காடா இலச்சினையையும், தான் பணிசெய்த தோசா என்ற பகுதியின் பிரபுக்களின் மூன்று ஓக் இலை இலச்சினையையும் இணைத்து அதை உருவாக்கினார். வைரம் என்று சொல்வதில் பகட்டு இருக்கிறது. நீர்க்காய் என்று சொல்வதில் ஒரு வீடும் ஒரு குளமும் இருக்கின்றன. அன்று கால் கிலோ வாங்கி, உரித்துத் தின்றுகொண்டே வீடு சேர்ந்தேன்.

இதைவிட எனக்கு நெருக்கமான சின்னம் ஒன்று உண்டு. அந்த வண்டியைத் தன் சொந்தப் பெயரில் இந்தியாவில் அதிகம் பார்க்க முடியாது. சுபாரு என்பது ஜப்பானிய மொழியில் கார்த்திகை விண்மீன் கூட்டத்தின் பெயர். ஒன்றுசேர்தல் என்ற பொருளும் அதற்கு உண்டு. நீல நீள்வட்டத்துக்குள் ஒரு பெரிய விண்மீனும் ஐந்து சிறிய விண்மீன்களும் இருக்கும். 1950களில் ஐந்து நிறுவனங்கள் சேர்ந்து ஃபுஜி கனரகத் தொழில் நிறுவனம் ஆனதை அவை குறிக்கின்றன. கூர்ந்த கண்ணுக்கு அந்தக் கூட்டத்தில் ஏழு தெரியும் என்று மேற்கே எண்ணுவார்கள். ஜப்பானியச் சின்னத்தில் ஆறு, பழந்தமிழில் அதன் பெயரே அறுமீன். ராமகிருஷ்ணபுரத்து மலை மந்திரில் கார்த்திகை தீபத்தன்று படியேறும்போது, ஆறு பெண்கள் வளர்த்த பிள்ளை என்று அம்மா முருகனின் கதையைப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டு வந்தார். அதே ஆறு மீன்களை ஒரு காரின் முகப்பில் கண்டெடுத்த மகிழ்ச்சி எனக்கு இன்னும் அடங்கவில்லை.

மெர்சிடிஸின் மூன்று முனை நட்சத்திரம் நிலம், நீர், வான் மூன்றையும் குறிப்பது எல்லோரும் அறிந்ததே. காட்லீப் டைம்லர் மனைவிக்கு எழுதிய அஞ்சலட்டையில் தாம் தங்கிய வீட்டைக் காட்ட வரைந்த நட்சத்திரத்தை நினைவில் வைத்து, அவர் மறைந்த பிறகு மகன்கள் 1909இல் பதிவு செய்தார்கள். தொழிற்கூடத்திலிருந்தே பிறந்த சின்னங்களை நான் இன்னும் உயர்வாக வைப்பேன். பூஜோவின் சிங்கம் முதலில் ரம்பத்தின்மேல் பொறிக்கப்பட்டது. ரம்பப் பல் சிங்கப் பல்லைப்போல் உறுதியானது என்று சொல்வதற்காக 1858இல் பதிவான சின்னம் அது. சித்ரோயனின் இரட்டைக் கூர்முனைகள், ஆந்த்ரே சித்ரோயன் போலந்தில் கண்டு உரிமம் வாங்கிய பற்சக்கரத்தின் பல் வடிவமேதான்.

தில்லியின் அரசு அலுவலக வாசல்களில் ஒரு காலத்தில் வெள்ளை வெள்ளையாக நின்ற அம்பாசடருக்கும் இப்படி ஒரு பூர்வீகம் உண்டு. அதன் மூலமான மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு என்ற பிரிட்டிஷ் காரின் சின்னத்தில், அலைகளுக்கு மேலே ஒரு சிவப்பு எருது நிற்கும். ஆக்ஸ் எருது, ஃபோர்டு ஆற்றைக் கடக்கும் துறை. மயிலாடுதுறைபோல் அது எருதுத்துறை. அந்த ஊரின் பெயரையே படமாக எழுதிவிட்டார்கள்.

இன்றைய சின்னங்களுக்கு அழகு மட்டும் போதாது. முன்னே செல்லும் வண்டியைப் பார்த்துத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் கார்கள் பலவற்றில், அலைகளை அனுப்பித் தூரத்தை அளக்கும் ரேடார் முகப்புச் சின்னத்தின் பின்னால்தான் ஒளிந்திருக்கிறது. அதன் அலை ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் நீளமுள்ளது. சாதாரணக் குரோம் முலாம் அதை மறித்துவிடும். ஆகவே அந்தச் சின்னங்களில் இண்டியம் போன்ற உலோகத்தை, கண்ணுக்குத் தெரியாத நுண்தீவுகளாகப் பிரிந்து நிற்கும்படி படியவைக்கிறார்கள். பார்வைக்கு வெள்ளிபோல் மின்னும், அலைக்கு இடைவெளி விடும். நண்பர் ஒருவர் இது தெரியாமல் பளபளப்பான சின்னம் ஒன்றை வாங்கி மாட்டியதும், அன்று மாலையே எச்சரிக்கை விளக்கு எரிந்தது. போலி விற்பவருக்கு 1999ஆம் ஆண்டின் வணிக முத்திரைச் சட்டம் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதமும் விதிக்கிறது. பிரேக் போடும் அமைப்பே வேலைசெய்யாமல் போகக்கூடிய இடத்தில் அந்தத் தண்டனை மிகை என்று நான் நினைக்கவில்லை.

அசல் எது என்ற கேள்வி நிறுவனங்களிடமே குழம்பும் இடமும் உண்டு. 2019இல் டொயோட்டா சின்னத்தோடு வந்த கிளான்ஸா, மாருதியின் பலேனோ காரேதான். இரண்டிலும் சின்னம் சட்டப்படி அசல், உரிமையாளர்களின் இசைவோடு வந்தது. ஆனாலும் சின்னம் என்பது செய்தவரின் கையொப்பம் என்று நம்பி வளர்ந்த எனக்கு, அதை இன்னொருவர் உழைப்பின்மேல் இடுவதை முழுமனத்தோடு ஏற்க முடியவில்லை.

ஞாயிறன்று பழைய போலியைக் கழற்றினேன். தலைமுடி உலர்த்தும் கருவியால் சூடேற்றி, அம்மா பூக் கட்டும் நூலை அதன் அடியில் கொடுத்து இருபுறமும் ரம்பம்போல் இழுத்ததும் பசை விட்டுக்கொடுத்தது. ஈரத்துணியால் துடைத்தபோது ஆவணியில் பார்த்த அந்த இரண்டு துளைகள் மறுபடி தெரிந்தன. புதியதன் குச்சிகள் அவற்றுக்குள் டக்கென்று இறங்கின. மட்டம் பார்க்கும் வேலையே இருக்கவில்லை.