வராகன், பணம், காசு: கோட்டை ஏடுகளை எக்செலில் ஏற்றும் வேலை

சென்னை செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் எழுதிவைத்த நாட்குறிப்பு, ஆலோசனை ஏடுகளிலிருந்து பணம் கைமாறிய வரிகளை மட்டும் பொறுக்கி எக்செலில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். இப்போது 1740களின் நடுவில் வந்து நிற்கிறேன். எந்த நவாபு எந்தச் சண்டையில் ஜெயித்தார் என்று எழுத ஆட்கள் நிறையவே இருக்கிறார்கள். எனக்கு வேண்டியது வேறு. படகுக் கூலி எவ்வளவு, வெற்றிலை புகையிலைக் குத்தகை இந்த வருஷம் யார் கைக்குப் போனது, கம்பெனி மாடுகளுக்குத் தீனி போட எவ்வளவு ஆனது, இந்த மாதிரி.

மூல ஏடுகளைத் தொட்டுப் பார்க்கவில்லை. அவை எழும்பூரில், 1909இல் மெட்ராஸ் ரெக்கார்ட் ஆபீஸாகத் தொடங்கி இன்று தமிழ்நாடு ஆவணக் காப்பகமாக இருக்கும் இடத்தில் இருக்கின்றன. என் வேலைக்கு அச்சுத் தொகுதிகளே போதும். 1672 முதலான ஏடுகளைப் போன நூற்றாண்டின் முதல் பாதியில் அரசு அச்சகம் வரிசையாக அச்சிட்டது. பழைய எழுத்துக்கூட்டலை மாற்றாமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். ஸ்கேன் பிரதிகள் இணையத்திலேயே கிடைக்கின்றன. ஓசிஆர் (படத்திலுள்ள எழுத்தைப் படிக்கும் மென்பொருள்) ஓட்டினால் பாதி வரி சரியாக வரும், மீதிப் பாதி கோழி கிறுக்கியதுபோல வரும். அதனால் ஓசிஆரைத் தேடுவதற்கு மட்டும் வைத்துக்கொண்டு, எண்களைக் கண்ணால் பார்த்துக் கையால்தான் தட்டுகிறேன். வராகன் (அன்றைய தங்க நாணயம்) பத்தியில் ஒரு 3 எட்டாக மாறினால் அதைக் கண்டுபிடிக்க வேறு வழி இல்லை.

இவ்வளவு சில்லறைச் செலவையும் ஏன் எழுதினார்கள் என்றால், லண்டனில் உட்கார்ந்திருந்த முதலாளிகளுக்காகத்தான். ஏட்டின் நகல் கப்பலேறிப் போகும். அங்கே ஒவ்வொரு செலவுக்கும் கேள்வி வரும். அதனால் மாதக் கணக்கு ஆலோசனைக் கூட்டத்தில் படிக்கப்பட்டு ஏட்டில் ஏறிவிடும். கணக்குத் தலைப்புகளே சுவாரசியமானவை: காவற்படைச் செலவு, பொதுப்பந்திச் சாப்பாட்டுச் செலவு, மாட்டுச் செலவு, கோட்டை மற்றும் கட்டடச் செலவு. கம்பெனி ஊழியர்கள் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்ட காலத்தின் தடயம் எனக்கு அந்தச் சாப்பாட்டுத் தலைப்பில்தான் கிடைத்தது.

முதல் பெரிய வேலை பண மதிப்பு. இங்கே பணம் என்பதும் ஒரு நாணயத்தின் பெயர். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்து மெட்ராஸ் கணக்கில் 80 காசு ஒரு பணம், 36 பணம் ஒரு வராகன். அதாவது ஒரு வராகனுக்கு 2,880 காசு. எக்செலுக்கு இதெல்லாம் தெரியாது. 12 வராகன் 30 பணம் 50 காசோடு 3 வராகன் 10 பணம் 45 காசைக் கூட்டு என்றால் 15, 40, 95 என்று தனித்தனியாகக் கூட்டிக் கொடுத்துவிடும். அதனால் மூன்று பத்தியையும் முதலில் காசாக்குகிறேன்: 37,010, 9,485. கூட்டினால் 46,495. அதை 2,880ஆல் வகுத்தால் 16 வராகன் போக 415 காசு மிச்சம். 415இல் 5 பணமும் 15 காசும். ஆக 16 வராகன் 5 பணம் 15 காசு. இதற்கு ஒரு சூத்திரம் எழுதிவிட்டால் போதும், பிறகு தானாக ஓடும்.

ஆனால் 36 என்ற எண்ணைச் சூத்திரத்துக்குள் அடைத்துவிடக் கூடாது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துக்கு வந்தால் ஒரு வராகனுக்கு 42 பணம் என்றுதான் கணக்கு. 1818இல் ரூபாயே அடிப்படை நாணயமாகி, 100 வராகனுக்கு 350 ரூபாய் என்று ஆனது. அதற்கு மேல் கடைத்தெருவில் நாணயம் மாற்றும் வட்ட விகிதம் தனி, அது ஏறும் இறங்கும். அதனால் ஒவ்வொரு வரியிலும் 'வராகனுக்கு இத்தனை பணம்' என்று தனிப் பத்தி வைத்திருக்கிறேன். புதுச்சேரிப் பணமும் சென்னைப் பணமும் ஒன்றில்லை என்பதால் ஊர்ப் பத்தியும் உண்டு.

இந்த வேலையைப் பார்க்கிறவர்கள் முதலில் கேட்பது, "இன்றைய ரூபாயில் எவ்வளவு?" என்பதுதான். அந்தப் பத்தியை நான் போடவில்லை, போடப்போவதும் இல்லை. பணவீக்கக் கணக்குப் போட்டு ஒரு பெரிய எண்ணை எழுதலாம், பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் எந்த நாணயத்தில் எழுதியிருக்கிறது என்பதே பாதி சேதி. துணி ஒப்பந்தம், குத்தகை, கடன் எல்லாம் வராகனில் ஓடுகின்றன. கூலியும் சில்லறைச் செலவும் பணத்துக்கு இறங்குகின்றன. காசு பத்தியில் எண் விழுந்தால் பெரும்பாலும் அது மிச்சம் மீதி, இல்லையென்றால் கடைத்தெரு சமாசாரம். எந்த வரி எந்தப் பத்தியில் தொடங்குகிறது என்று வடிகட்டிப் பார்த்தாலே பெரிய வியாபாரியும் படகுக்காரரும் தனித்தனியாகப் பிரிந்து வந்துவிடுகிறார்கள். எல்லாவற்றையும் ரூபாயாக்கினால் அந்த வேறுபாடு அழிந்துபோகும்.

துணிக்கு மட்டும் தனி ஷீட். கம்பெனி இங்கே வந்ததே அதற்காகத்தானே. லாங்கிளாத், சலாம்பூர், மூரி என்று ரகங்கள், 20 உருப்படி ஒரு கோர்ஜ் என்று எண்ணிக்கை. முன்பணம் வாங்கிய வியாபாரிகள் நெசவு ஊர்களிலிருந்து துணியைக் கொண்டுவந்து தருவார்கள். கோட்டைக் கிடங்கில் அதைப் பிரித்து மாதிரித் துணியோடு வைத்துப் பார்ப்பார்கள். மாதிரிக்குக் குறைந்தது என்றால் விலையைக் குறைப்பார்கள், இல்லையென்றால் திருப்பி அனுப்புவார்கள். அங்கேதான் சண்டை. வியாபாரிகள் பஞ்சு விலை ஏறிவிட்டது, நாட்டில் குழப்பம் என்பார்கள். கம்பெனி மாதிரியைக் காட்டும். இந்த வாதங்களைப் படிக்கத்தான் எனக்கு அதிக நேரம் போகிறது. குறைசொல்லி எழுதிய பக்கங்களில்தான் நெசவும் பஞ்சும் மழையும் உள்ளே வருகின்றன. எல்லாம் ஒழுங்காக நடந்த மாதங்களில் ஒரே வரியில் தொகையைப் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள்.

துணியின் தரம் புஞ்சக் கணக்கில் வருகிறது. ஒரு புஞ்சம் என்றால் பாவில், அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூலில், 120 இழை. 18 புஞ்சம் என்றால் 2,160 இழை என்று ஷீட் போட்டுக்கொடுத்துவிடும், ஆனால் அது நல்ல துணியா கெட்ட துணியா என்று எனக்கு விளங்கவில்லை. தெரிந்த நெசவுக்காரப் பெரியவர் ஒருவரிடம் கேட்டேன். "அகலம் என்னன்னு சொல்லாம புஞ்சத்தை மட்டும் சொன்னா நான் என்னத்தைச் சொல்ல, தம்பி? அதே அகலத்துல புஞ்சம் ஏறினா துணி நெருங்கும். அதுக்கு நூலும் மெலிசா வேணும்" என்றார். அன்றைக்கே அகலப் பத்தியைச் சேர்த்தேன். ஏட்டில் அகலம் சொல்லாத இடங்களில் காலியாகவே விட்டிருக்கிறேன்.

அடுத்தது தேதி. 1752 வரை ஆங்கிலேயர்கள் பழைய ஜூலியன் நாட்காட்டியில் இருந்தார்கள். புது வருஷம் மார்ச் 25இல் பிறக்கும். அதனால் ஜனவரி, பிப்ரவரி வரிகள் எல்லாம் முந்தைய வருஷத்தின் வாலில் தொங்கும், வரிசைப்படுத்தினால் தலைகீழாகிவிடும். பிரெஞ்சுக்காரர்கள் புது நாட்காட்டிக்கு எப்போதோ மாறிவிட்டார்கள். 1700க்குப் பிறகு இரண்டுக்கும் 11 நாள் வித்தியாசம். போதாக்குறைக்கு எக்செல் 1900க்கு முந்தைய தேதியைத் தேதியாகவே ஏற்காது. நான் கையாளும் வழி இது: ஏட்டில் உள்ள தேதி ஒரு பத்தி, புது நாட்காட்டித் தேதி ஒரு பத்தி, கிழமை ஒரு பத்தி. கிழமைதான் ஆணிவேர். நாட்காட்டி எதுவானாலும் கிழமை மாறாது. கோட்டை பிரெஞ்சுக்காரர்களிடம் சரணடைந்த நாள் ஆங்கிலேயருக்கு 1746 செப்டம்பர் 10, பிரெஞ்சுக்காரருக்கு செப்டம்பர் 21. இரண்டுமே புதன்கிழமை. கிழமை இடித்தால் அந்த வரியை மஞ்சளாக்கிவிட்டு மேலே போகிறேன்.

அந்தப் புதன்கிழமையோடு சென்னை ஏடு எனக்குக் கைவிட்டுப் போகிறது. ஊர் 1749 ஆகஸ்டில்தான் திரும்பக் கிடைத்தது. தலைமையிடம் கடலூர் பக்கத்து செயின்ட் டேவிட் கோட்டைக்குப் போய், 1752இல்தான் சென்னைக்குத் திரும்பியது. இந்த இடைவெளியில் கம்பெனி தரப்புக்கு செயின்ட் டேவிட் ஏடுகளைத்தான் பார்க்க வேண்டும். ஆனால் சென்னப்பட்டணத்து ஆட்கள் என்ன ஆனார்கள் என்பதற்கு நான் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களோடு இருந்த வியாபாரி ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்புக்குப் போய்விட்டேன்.

பிள்ளை 1709இல் நம் பெரம்பூரில் பிறந்தவர். 1736 முதல் கிட்டத்தட்ட 1761இல் சாகும்வரை புதுச்சேரியில் எழுதினார். கோட்டை ஏட்டை லண்டன் படிக்கும் என்று தெரிந்து எழுதினார்கள். இவருக்கு அந்தக் கவலை இல்லை. பாக்குக் கிடங்கில் உட்கார்ந்து கேட்ட பேச்சு, யார் யாரை என்ன சொன்னார்கள், எந்தக் கப்பல் வந்தது, எத்தனை பீரங்கி போட்டார்கள் என்று எல்லாம் இருக்கிறது. தமிழ் வருஷம், மாதம், கிழமையோடு ஐரோப்பியத் தேதியையும் போடுவதால் என் கிழமைப் பத்திக்கு அவர் வசதியான ஆள். 1746 அக்டோபர் 13 இரவு சென்னைக் கடலில் நின்ற பிரெஞ்சுக் கப்பல்களைப் புயல் அடித்து நொறுக்கியது. ஆங்கிலேயர் கணக்கில் அது அக்டோபர் 2. இந்த மாதிரி இரு தரப்பும் பேசும் நாட்களை வைத்துத்தான் இரண்டு ஷீட்டையும் பொருத்துகிறேன்.

சென்னப்பட்டணத்து வியாபாரிகளைப் புதுச்சேரிக்கு வரவழைத்துக் குடியேற்ற பிரெஞ்சு கவர்னர் தூப்ளே பட்ட பாட்டையும் பிள்ளை வழியாகவே பார்க்கிறேன். கோட்டை ஏட்டில் இதே ஆட்கள் துணி பாக்கியோடும் தொகையோடும் வந்தார்கள். இங்கே சாக்குப்போக்கோடு வருகிறார்கள். பெயர்களைப் பொருத்துவதுதான் கஷ்டம். முந்தைய நூற்றாண்டில் கம்பெனியின் பெரிய வியாபாரியாக இருந்த காசி வீரண்ணாவையே 'வெரோனா' என்று எழுதியவர்கள், சின்ன வியாபாரியின் பெயரைப் பக்கத்துக்குப் பக்கம் மாற்றாமலா இருப்பார்கள்? ஏட்டில் உள்ள எழுத்து ஒரு பத்தி, நான் ஊகிக்கும் பெயர் ஒரு பத்தி. சந்தேகமாக இருந்தால் இரண்டாவதை நிரப்புவதில்லை.

இப்போதைக்கு பிள்ளையின் அட்சய வருஷத்தையும் (1746-47) பிரபவ வருஷத்தையும் (1747-48) ஏற்றிக்கொண்டிருக்கிறேன். அது முடிந்தால் நெல். 8 படி ஒரு மரக்கால், 400 மரக்கால் ஒரு கரிசை என்று சென்னை அளவுக்கு ஷீட் தயார். ஊருக்கு ஊர் படி வேறு என்பதால் புதுச்சேரிக்குத் தனி அட்டவணை போட வேண்டும். நாணயத்தைப் போலவே நெல்லையும் கிலோவாக்குவதாக இல்லை.