பெட்டிக்குள் போன ஈரம்

கென்யாவின் மொம்பாசா துறைமுகத்திலிருந்து வந்த அந்தப் போட்டோவை நான் இன்னும் அழிக்கவில்லை. நாங்கள் அனுப்பிய லேத், அதாவது இரும்பைக் கடைகிற மெஷின். அதன் பெட்டின், அதாவது மற்ற பாகங்களைத் தாங்குகிற நீளமான இரும்பு அடித்தளத்தின், சறுக்குப் பாதையில் நான்கு விரல் தடம், செம்பழுப்பு நிறத்தில். யாரோ வெறுங்கையை ஊன்றியிருக்கிறார்கள். வியர்வையில் இருக்கிற உப்பே போதும், இரும்பு அந்தக் கையை அப்படியே பதிவு செய்துகொள்ளும். விரல் தடத்தைச் சுற்றிலும், பெட் நெடுக அங்கங்கே புள்ளி புள்ளியாகத் துரு.

12 டன் மெஷின் அது. கோயம்புத்தூரில் எங்கள் ஷெட்டில் அதன் பெட்டை எங்கள் ஃபோர்மேன் அண்ணன் கையால் ஸ்கிரேப் செய்திருந்தார். மட்டப்பலகையில் நீலம் தடவி பெட்டின்மேல் வைத்துத் தேய்ப்பார், மேடாக இருக்கிற இடத்தில் மட்டும் நீலம் ஒட்டும், அந்த இடத்தை மட்டும் ஸ்கிரேப்பரால் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சுரண்டுவார், துடைப்பார், மறுபடி நீலம். இப்படியே மூன்று வாரம். போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தவர் கை வைத்தது யார் என்று கேட்கவில்லை. "எண்ணெய் பூசுனோமில்ல தம்பி, அது எங்க போச்சு?" என்றார். அனுப்பியது நான். என்னிடம் பதில் இல்லை.

அது 2015 நவம்பரில் போன சரக்கு. உயரத்தாலும் எடையாலும் கதவு வழியாக உள்ளே தள்ள முடியாது என்பதால் ஓப்பன் டாப் கண்டெய்னர் எடுத்து, கிரேனால் மேலிருந்து இறக்கி, கூரைக்குத் தார்ப்பாய் கட்டி அனுப்பினோம். தூத்துக்குடியில் ஏறி, கொழும்பில் பெரிய கப்பலுக்கு மாறி, மொம்பாசா. துரு என்று கேட்டதும் ஆபீஸில் எல்லோரும் ஒரே குரலில் சொன்னது, தார்ப்பாய் கிழிந்து கடல் தண்ணீர் இறங்கியிருக்கும் என்றுதான். நானும் அதை நம்பினேன். நம்பித்தான் இன்ஷூரன்ஸ் க்ளைம் போட்டோம்.

சர்வேயர் வந்து பார்த்தார். அவர் கையில் இருந்தது ஒரு சின்ன பாட்டில், அதில் சில்வர் நைட்ரேட் கரைசல். துருப் பிடித்த இடத்தை நல்ல தண்ணீரால் நனைத்து, அதில் இரண்டு சொட்டு விடுவார்கள். உப்பு இருந்தால் பால் ஊற்றியது போல வெளுத்துவிடும், கடல் தண்ணீர் பட்டிருக்கிறது என்று அர்த்தம். விரல் தடத்தைத் தவிர்த்து, பெட்டின் பல இடங்களில் விட்டுப் பார்த்திருக்கிறார். வெளுக்கவில்லை. தார்ப்பாயிலும் கிழிசல் இல்லை. அவர் ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு நான் வெகுநேரம் நாற்காலியை விட்டு எழவில்லை. உள்ளே இருந்தது நம் ஊர்த் தண்ணீர்.

எப்படிப் போனது என்று அப்புறம்தான் ஒவ்வொன்றாகப் பிடித்தேன். அந்த மாதம் நல்ல மழை. பேக்கிங் மரம் நான்கு நாள் யார்டில் திறந்த வெளியில் கிடந்திருக்கிறது. மரத்தில் ஐஎஸ்பிஎம் 15 முத்திரை, அதாவது ஏற்றுமதி பேக்கிங் மரத்துக்கான சர்வதேச விதியின் முத்திரை இருந்தது, அதைப் பார்த்து நான் ஓகே சொல்லிவிட்டேன். அந்த முத்திரைக்கு அர்த்தம், மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி சூடு 30 நிமிஷம் பட்டிருக்கிறது, பூச்சி செத்திருக்கும் என்பது. மரம் காய்ந்திருக்கிறது என்று அது எங்கேயும் சொல்லவில்லை. அத்தனை வருஷம் வேலை பார்த்தும் எனக்கு அந்த வித்தியாசம் உறைக்கவில்லை என்பதை நினைத்தால் இப்போதும் வலிக்கிறது.

அந்த ஈர மரத்தின்மேல் மெஷினை உட்காரவைத்து, எல்லாவற்றையும் சேர்த்து பாலிதீனால் இறுக்கிச் சுற்றிவிட்டோம். வெளியிலிருந்து ஈரம் வராது என்ற நினைப்பு. உள்ளே இருக்கிற ஈரம் வெளியே போகவும் வழியில்லை. பகலில் தூத்துக்குடி வெயிலில் மரம் சூடாகி ஈரத்தைக் கக்கும், இரவு குளிர்ந்ததும் அது பாலிதீனின் உள்பக்கம் முத்து முத்தாகக் கோத்துக்கொண்டு மெஷின்மேல் சொட்டும். மறுநாள் மறுபடி சூடு. கொழும்பில் கப்பலுக்குக் காத்திருந்த நாளெல்லாம் இதேதான் நடந்திருக்கும். எண்ணெய் மெல்லிய படலம்தான், கை ஊன்றிய இடத்தில் அதுவும் இல்லை.

க்ளைம் நிராகரிக்கப்பட்டது. பேக்கிங் போதாமையால் வந்த சேதத்துக்கு எல்லா ஆபத்துக்கும் சேர்த்து எடுக்கிற பாலிசியிலும் இழப்பீடு கிடையாது. அது நியாயம்தான், எனக்கு யார்மேலும் கோபம் இல்லை. ஃபோர்மேன் அண்ணனே ஸ்கிரேப்பரையும் நீல டப்பாவையும் எடுத்துக்கொண்டு மொம்பாசா போனார். அதுதான் அவருடைய முதல் விமானப் பயணம். 19 நாள் இருந்து, பெட்டை மறுபடி சுரண்டிக் கொடுத்துவிட்டு வந்தார்.

கனரக மெஷின் ஏற்றுமதி என்றால் இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் தூக்குவதற்குத்தான் பயப்படுகிறார்கள். எடை, கிரேன், ட்ரெய்லர், சங்கிலி. அதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற ஆபத்து, அதைப் பார்த்துக்கொள்ள ஆட்கள் இருக்கிறார்கள். 2016 ஜூலை 1 முதல் சரிபார்த்த எடையைக் கொடுக்காமல் கண்டெய்னரைக் கப்பலில் ஏற்றவே மாட்டார்கள், அதனால் பேக்கிங் லிஸ்டில் குத்துமதிப்பாக எடை போடுகிற பழக்கமும் ஒழிந்தது, நல்லது. நான் பிடிவாதமாக இருப்பது ஒன்றில் மட்டும்: எடை மையக் குறியைப் பெட்டியின் நாலு பக்கமும் பெயிண்டால் போடச் சொல்வேன். லேத்தில் ஹெட்ஸ்டாக், அதாவது வேலைப்பொருளைச் சுழற்றுகிற தலைப்பகுதி, இருக்கிற பக்கம் கனம் அதிகம், பெட்டியின் நடுவில் ஸ்லிங் (தூக்குகிற பட்டை) போட்டால் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். அங்கே கிரேன் ஓட்டுகிறவருக்கு உள்ளே இருப்பது தெரியாது, பெட்டிதான் தெரியும்.

ஈரம் அப்படியில்லை. கதவு சாத்தும்போது உள்ளே போனது போனதுதான். இப்போது மரத்தில் இரண்டு ஊசி குத்திப் பார்க்கிற மாய்ஸ்சர் மீட்டர் இல்லாமல் நான் பேக்கிங் ஷெட்டுக்குள் போவதில்லை. 20 சதவீதத்தைத் தாண்டினால் வண்டியைத் திருப்பி அனுப்பிவிடுவேன், சப்ளையர் என்ன சத்தம் போட்டாலும் சரி. மெஷினைத் தொடுகிற எல்லோருக்கும் கையுறை. மரத்தை அலுமினிய ஃபாயிலுக்கு வெளியே விட்டு மெஷினை மட்டும் உள்ளே வைத்து, சிலிக்கா ஜெல் பைகளைத் தொங்கவிட்டு, காற்றை உறிஞ்சி, ஓரங்களைச் சூடு வைத்து ஒட்டுகிறோம். ஃபாயிலில் ஒரு சின்ன கண்ணாடி ஜன்னல், அதற்குப் பின்னால் ஈரம் காட்டும் அட்டை. நீலமாக இருந்தால் உள்ளே காய்ந்திருக்கிறது, இளஞ்சிவப்பாக மாறினால் ஈரம் புகுந்துவிட்டது.

2023 நவம்பர் கடைசியில் இதே மாதிரி ஒரு லேத்தைத் துருக்கிக்கு, மெர்சின் துறைமுகத்துக்கு அனுப்பினோம். கணக்குப்படி 40 நாள், நான் 60 நாளைக்கு ஜெல் போட்டிருந்தேன். கொழும்பில் இறங்கிய சமயம் பார்த்து ஏமனின் ஹவுதிகள் செங்கடலில் கப்பல்களைத் தாக்க ஆரம்பித்திருந்தார்கள். டிசம்பர் நடுவில் பெரிய கம்பெனிகள் எல்லாம் சூயஸ் பக்கம் போவதை நிறுத்தின. எங்கள் கண்டெய்னர் கொழும்பிலேயே கிடந்து, அப்புறம் ஆப்பிரிக்காவை முழுதாகச் சுற்றி, ஜிப்ரால்டர் வழியாக மத்தியதரைக் கடலுக்குள் நுழைந்து மறுபடி கிழக்கே வந்தது. 60 நாள் முடிந்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கப்பல் அப்போது ஸ்பெயினைக்கூட எட்டவில்லை. எழுந்து உட்கார்ந்து ஜெல் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். போட்டு என்ன செய்ய, பெட்டி நடுக்கடலில்.

83-ஆவது நாள் மெர்சினில் பெட்டியின் பக்கப் பலகையைக் கழற்றினார்கள். ஃபாயிலைக் கிழிப்பதற்கு முன்னால் ஜன்னலைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தேன். மதியம் வந்தது. அட்டையின் ஓரத்தில் ஒரு புள்ளி மட்டும் லேசாக வெளிறியிருந்தது, மற்றதெல்லாம் நீலம்.

ஃபோர்மேன் அண்ணன் ரிட்டையர் ஆகிப் பொள்ளாச்சி பக்கம் தோட்டத்தில் இருக்கிறார். போட்டோவை அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். பத்து நிமிஷத்தில் போன் வந்தது.

"அட்டை கெடக்கட்டும் தம்பி, பெட்டுல நீலம் போட்டுப் பாத்தாங்களா?"