'வால்கவரிங்' என்று மட்டும் எழுதாதீர்கள்: துணிச் சுவர் உறைகளும் 5905 தலைப்பும்

இறக்குமதி இன்வாய்ஸில் 'வால்கவரிங்' (சுவர் உறை) என்ற ஒற்றைச் சொல்தான் இருக்கும். அதற்குள் 3918, 4814, 5905, 7019 என்று குறைந்தது நான்கு சுங்கத் தலைப்புகள், அதாவது சுங்க வரி அட்டவணையில் பொருளை வகைப்படுத்தும் எண்கள், அடங்கியிருக்கின்றன. விற்பவர் வைத்த பெயரை விடுங்கள். ரோலின் முகத்தையும் முதுகையும் பாருங்கள்.

துணிச் சுவர் உறைகளுக்கான தலைப்பு 5905. அதன் நிபந்தனைகள் வரி அட்டவணையின் 59-ஆம் அத்தியாயத்தின் 4-ஆம் குறிப்பில் உள்ளன. 2022 திருத்தத்துக்கு முன் அதுவே 3-ஆம் குறிப்பு. பழைய தீர்ப்புகளைப் படிக்கும்போது குழம்ப வேண்டாம். சரக்கு ரோலாக வர வேண்டும், அகலம் 45 செ.மீ.க்குக் குறையக்கூடாது, சுவர் அல்லது உட்கூரை அலங்காரத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். முகப்பு ஜவுளியாக இருந்து ஒரு பின்தளத்தில் பொருத்தப்பட்டிருக்க வேண்டும். பின்தளம் இல்லாவிட்டால், பசை போட்டு ஒட்டும்படி முதுகில் பூச்சாவது கொடுத்திருக்க வேண்டும். எந்தப் பூச்சும் இல்லாத வெறும் துணியை "சுவருக்குத்தான் வாங்கினோம்" என்று சொல்லி 5905-இல் சேர்க்க முடியாது. அது அந்தந்தத் துணியின் தலைப்புக்கே போகும்.

அடிக்கடி நடக்கும் பிழை வினைலில். ஓட்டல்களுக்கு வரும் வினைல் ரோலின் பின்னால் பருத்தித் துணியைப் பார்த்ததும் 5905 போட்டுவிடுகிறார்கள். முகப்பில் இருப்பதோ நிறமும் புடைப்பும் கொடுத்த பிளாஸ்டிக். ஆகவே அது 3918. அதே வினைல் காகிதத்தில் ஒட்டியிருந்தால் 4814 20. ஒரு மூலையை நனைத்து உரித்துப் பார்த்தால் பின்தளம் காகிதமா துணியா என்பது பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும்.

உண்மையில் சிக்கலானது 'கிராஸ்கிளாத்', அதாவது புல், நார் போன்றவை முகப்பில் ஒட்டிய சுவர் உறை. காகிதத்தின் மேல் கோரை, வைக்கோல், மூங்கில் கீற்று போன்றவை இருந்தால் அவை முடைபொருள் (பாய், கூடை முடைய உதவுவது); அந்த ரோல் 4814-இல் சேரும். சணலை நூலாக நூற்று ஒட்டியிருந்தால் முகப்பு ஜவுளி; 5905. நூற்காத இயற்கை நார் மறுபடியும் முடைபொருள்தான். காகிதத்திலும் இதே கதை: முறுக்காத பட்டை முடைபொருள், முறுக்கிய காகித நூல் 5308-இல் வரும் ஜவுளி நூல். ஒரே கேட்லாக்கின் அடுத்தடுத்த பக்கங்களில் இரண்டும் இருக்கும். முழு ஆர்டருக்கும் ஒரே தலைப்பு எண் போடுவது ஆபத்து. ஓர் இழையை உருவி எதிர்த்திசையில் முறுக்கிப் பாருங்கள், நூலாக இருந்தால் பிரியும்.

காகிதத்தின் மேல் நேரடியாகத் துணித்துகள் தூவி ஒட்டியது 4814. துணியின் மேல் என்றால் பொதுவாக 5907. கண்ணாடி இழைத் துணி ஜவுளிப் பிரிவிலேயே இல்லை, அது 7019. சுவரில் மாட்டும் கம்பளம் 57-ஆம் அத்தியாயத்தை விட்டு நகராது. கோப்லான் போன்ற கைநெசவுச் சித்திரத் திரை 5805.

4814-இன் காகித ரோலுக்கு 160 செ.மீ. என்ற மேல் வரம்பு உண்டு, 5905-க்கு இல்லை. அதனால் இன்வாய்ஸில் அகலம், முகப்பின் இழை, அது நூற்றதா இல்லையா, பின்தளம், ஒட்டிய முறை ஆகிய ஐந்தும் ஒவ்வொரு டிசைன் எண்ணுக்கும் தனித்தனியாக வர வேண்டும். தொடர்ந்து இறக்குமதி செய்பவர்கள் 1962 சுங்கச் சட்டத்தின் 28எச் பிரிவில், எந்தத் தலைப்பு என்று முன்கூட்டிய தீர்ப்பு கேட்கலாம். சரக்கு வந்த பிறகுதான் சந்தேகம் என்றால் 18-ஆம் பிரிவின்படி தற்காலிக மதிப்பீடு கேளுங்கள். மாதிரி அனுப்பச் சொல்லும்போது முழு அகலத்துக்கும் வெட்டிய துண்டாகக் கேளுங்கள். உள்ளங்கை அளவுத் துண்டை வைத்து 45 செ.மீ.யை நிரூபிக்க முடியாது.